இங்கிலீஷ் கட்டாயம் என்றது விளம்பரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதக் கடைசியில் சாத்தூரில் நடந்தது இது. பெண்களுக்கான ஒரு சிறிய கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் நான் ஆசிரியை. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அடுத்த இலவச வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு அந்த முறை என் தலையில் விழுந்தது.

வழக்கமாக இதற்கு ஒரு கூட்டம் போடுவார்கள். ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். டீ வரும், வடை வரும், முடிவு மட்டும் வராது. எனக்கு அந்தக் கூட்டங்களைக் கண்டாலே அலுப்பு. வேலை கொடுப்பவர்களுக்கு என்ன தேவையோ அதை அவர்களே இணையத்தில் விளம்பரமாகப் போடுகிறார்கள், அதைப் படித்தால் போதாதா என்று தோன்றியது. விருதுநகர், சிவகாசி, திருத்தங்கல் என்று ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடி, வந்த விளம்பரங்களையெல்லாம் தினமும் ஒரு அட்டவணையில் ஏற்றினேன். எந்தத் திறமையை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று கூட்டிப் பார்த்தேன். இந்த மாதிரி கட்டம் போட்டு எண்ணுகிற வேலை என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

எண்ணி முடித்தபோது நானே அசந்துபோனேன். டிசைனர், பில் போடுகிறவர், ஆபீஸ் வேலை என்று எதை எடுத்தாலும் ஒரு வரி இருந்தது: சரளமாக ஆங்கிலம் பேசுவது கட்டாயம். சிவகாசிக்கு இவ்வளவு இங்கிலீஷ் எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் அட்டவணை சொல்கிறதே! அடுத்த வகுப்பு ஸ்போக்கன் இங்கிலீஷ்தான் என்று முடிவு செய்து, சொல்லிக்கொடுக்க ஓர் ஆளையும் பேசி வைத்தேன்.

அப்போது எங்களிடம் டிசைன் வகுப்பை முடித்த ஒரு பெண் இருந்தார். அச்சங்குளம் பக்கம். அவர் வேலை பார்த்த பட்டாசு கம்பெனியை மூடிவிட்டார்கள். கணவர் உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்தார். திருப்பூரில் இருக்கும் அக்கா ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். ஆவணி பிறந்ததும் கிளம்ப வேண்டும், ஆறாவது படிக்கும் மகளை ஹாஸ்டலில் விட வேண்டும். உள்ளூரில் வேலை கிடைத்தால் மட்டும்தான் அந்தப் பிள்ளை அம்மாவோடு இருக்க முடியும். அவ்வளவுதான் நிலைமை.

திருத்தங்கலில் ஒரு அச்சகம் டிசைனர் கேட்டிருந்த விளம்பரத்தை அவரிடம் காட்டினேன். தலைப்பிலிருந்து ஆசையாகப் படித்தார். இங்கிலீஷ் வரி வந்ததும் போனை என்னிடமே நீட்டினார்.

"இது நமக்குள்ளது இல்ல டீச்சர். நான் அக்காட்டயே சொல்லிருதேன்."

சொன்ன விதத்தில் அழுகையோ கோபமோ எதுவும் இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. எந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டால் வகுப்பு நடத்தவும் உதவுமே என்று, மறுநாள் அந்த அச்சகத்துக்கே போன் போட்டேன். ஆபீஸில் இருக்கும் ஒரு பெண் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பின்னால் மிஷின் ஓடும் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

"அட டீச்சர், அதப் போயி எண்ணிக்கிட்டா இருக்கீக? அண்ணாச்சி ஆள் வேணும்னு விளம்பரம் போடச் சொன்னாக. எனக்கு என்னத்த எழுதத் தெரியும்? மெட்ராஸ் கம்பெனி ஒண்ணு போட்டிருந்துச்சு, அத அப்படியே எடுத்து எங்க பேரைப் போட்டேன். அம்புட்டுதான்."

"அப்போ இங்கிலீஷ்?"

"அண்ணாச்சிக்கே வராது. அப்புறம் யாருகிட்டப் பேச?"

சரி, உண்மையில் என்னதான் வேண்டும் என்று கேட்டேன். ஆடிப்பெருக்குக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவரும், அதோடு சீசன் ஆரம்பித்துவிடும், ஆர்டர் குவியும் என்றார். காலண்டரின் அடியில் கடைக்காரர் பெயரும் போன் நம்பரும் வரும். அதில் ஒரு எண் மாறினால்கூட அச்சடித்த மொத்த லோடும் திரும்பி வந்துவிடுமாம். "அவசரப்படாம, தப்பில்லாம அடிக்க ஆள் இருந்தாச் சொல்லுங்க. இருக்கா?" என்று அவரே கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

ஆடியில் புது வேலைக்குப் போவதா என்று அச்சங்குளத்துப் பெண்ணின் வீட்டில் கொஞ்சம் இழுத்தார்களாம். காலண்டர்காரர்களுக்கு ஆடிதானே நல்ல மாதம் என்று சமாளித்து, அவரை நானே பஸ்ஸில் கூட்டிப்போனேன். அச்சக முதலாளி ஒரு பலசரக்குக் கடையின் விசிட்டிங் கார்டைக் கொடுத்துக் கம்ப்யூட்டரில் அடிக்கச் சொன்னார். இவர் அடித்தார். பிறகு கார்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக வாய்க்குள் சொல்லிச் சரிபார்த்தார். அதன் பிறகும் கையை எடுக்காமல் இன்னொரு தடவை பார்த்தார். நான் வெளியே எட்டிப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதற்றம் எனக்குத்தான்.

"திங்கக்கிழமை வந்துருங்க," என்றார் முதலாளி.

திரும்பும் பஸ்ஸில் அவர் என்னிடம், "பாப்பா ஸ்கூலை மாத்த வேண்டாம்ல டீச்சர்?" என்று இரண்டு முறை கேட்டார்.

அதன் பிறகு சும்மா இருக்க முடியாமல் அட்டவணையில் இருந்த மற்ற கம்பெனிகளுக்கும் போன் செய்தேன். வெளிநாட்டு ஆர்டர் எடுக்கும் ஒரு கம்பெனிக்கு உண்மையிலேயே இங்கிலீஷ் தேவைப்பட்டது. மற்றவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் விளம்பரத்தில் அப்படி ஒரு வரி இருப்பதே தெரியவில்லை. ஒருவர் திருத்தங்கல் அச்சகத்தின் விளம்பரத்தைப் பார்த்துத்தான் போட்டதாகச் சொன்னார்! ஒரு வகுப்பையே தூக்கி அந்தக் காப்பியின் காப்பி மேல் வைக்க இருந்தேன். ஸ்போக்கன் இங்கிலீஷை விட்டுவிட்டோம், தப்பித்தோம்.

அடுத்த வருடமும் ஆனி வந்தது. அச்சங்குளத்துப் பெண் போன் செய்தார். ஆபீஸ் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாராம். இன்னொரு டிசைனருக்கு விளம்பரம் போடும் வேலை இப்போது இவரிடம். "எழுதிட்டேன் டீச்சர், சரியா இருக்கான்னு பாருங்க," என்று எனக்கு அனுப்பினார். பார்த்தேன். சரளமாக ஆங்கிலம் பேசுவது கட்டாயம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. "ஏங்க, இதையா போடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான டீச்சர் போடுதாக. இல்லைன்னா கம்பெனி சின்னதுன்னு நெனைப்பாகள்ல?"

"இதைப் படிச்சிட்டு நீங்க என்ன செஞ்சீங்க?"

மெதுவான குரலில், "போனைத் திருப்பிக் குடுத்தேன்," என்றார். அன்று மாலை வந்த விளம்பரத்தில் அந்த வரி இல்லை.

இன்றும் விளம்பரங்களை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என்ன கேட்கிறார்கள் என்று கூட்டி முடித்ததும், அதைப் படித்துவிட்டுப் பேசாமல் திருப்பூருக்குப் பஸ் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்க்கிறேன், அவர்களை எண்ணுவதற்கு என்னிடம் ஒரு வழியும் இல்லை.