வெள்ளிக்கிழமைச் சூப்

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜப்பான் சாப்பாட்டுக் கடை. அங்கே கோப்பை கழுவுகிறேன், மரக்கறி வெட்டுகிறேன். சமைப்பவர்தான் முதலாளி. என் வயதுதான் இருக்கும். அவருக்கும் இங்கிலீஷ் குறைவு, எனக்கும் குறைவு. அதனால் கரைச்சல் இல்லை.

சேரும்போது எல்லாம் பச்சை மீனாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படியில்லை. சோறுதான் கூட. சோற்றை முக்கோணமாகப் பிடித்து, நடுவில் ஒரு புளிப்புப் பழம் வைத்து, கடற்பாசித் தாளால் சுற்றுவார். பழம் உப்பில் ஊறி வெயிலில் காய்ந்தது. எங்கள் தேசிக்காய் ஊறுகாய்க்குச் சொந்தக்காரன். நட்டோ என்று ஒன்று. அவித்த சோயாவைப் புளிக்கவிட்டது. வெண்டிக்காய் போல நூல் இழுபடும். ஒருதரம் தின்றேன். அதுவே காணும்.

மாவில் தோய்த்துப் பொரிப்பது தெம்புரா. அதைப் போத்துக்கீசரிடம் பழகினார்களாம். அவர்கள் எங்களிடமும் வந்தவர்கள்தான் என்றேன். எங்கள் அடுப்படிக்குக் குசினி என்ற சொல்லைத் தந்தார்கள், பொரியலைத் தரவில்லை. முதலாளி சிரித்தார்.

என்னை யோசிக்க வைத்தது மீசோ சூப். சோயாவும் உப்பும் மாதக்கணக்கில் புளித்த களி, அதைச் சுடுநீரில் கரைப்பது என்று எண்ணியிருந்தேன். ஆனால் அதில் ஒரு மணம் இருந்தது. தெரிந்த மணம். எங்கே என்று பிடிபடவில்லை. குடிக்கும்போதெல்லாம் தேடுவேன்.

நான் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை. என் மனைவி வைத்த நேர்த்திக்கடன் அது. நான் இந்த நாட்டுக்குப் படகில் வந்தவன். அவள் வவுனியாவில். எனக்கு நிரந்தர விசா கிடைத்து அவளுக்கும் விண்ணப்பம் போட்டபோது சொன்னாள், தான் வந்து சேரும் வரைக்கும் வெள்ளிதோறும், வந்தபின் ஒரு வெள்ளியும், இரண்டு பேரும் மரக்கறிதான் என்று. பிள்ளையாருக்குச் சொல்லியாயிற்று, மாற்ற ஏலாது. முதலாளியிடம் வெள்ளியில் மீன் வேண்டாம் என்றேன். அவர் ஒவ்வொரு வெள்ளியும் சோறும் டோஃபுவும் மீசோ சூப்பும் எடுத்து வைப்பார். ஒருநாளும் மறந்ததில்லை.

அவர் சூப்புக்கான தண்ணீரை நான் வருமுன்னே வடித்துவிடுவார். ஒரு வெள்ளி காலை சாமான் வண்டி வரவில்லை, சூப்புக்கு அதில் வரும் பொட்டலமும் இல்லை. அவர் மேல்தட்டிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினார். மூடியில் சீவுளி போல அலகு. உள்ளே விறகுத்துண்டு போல ஒன்று. சீவு என்றார். கையில் எடுத்தேன். மூக்குக்கு வரும் முன்னமே விளங்கிவிட்டது.

மாசி. சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, கல்லாகக் காயவைத்தது. நாங்கள் இடித்துச் சம்பலுக்குப் போடுவோம். அவர்கள் பூப்போலச் சீவித் தண்ணீரில் போட்டு வடிக்கிறார்கள்.

சூப்புக்கா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் என்றார்.

அரை வருடத்துக்கு மேல் வெள்ளிதோறும் குடித்திருக்கிறேன். அவளுடைய விசா இன்னும் வரவில்லை. இதனால்தானோ என்று ஒரு நினைப்பு வந்தது. சீவி முடித்தேன். பிறகு அவரிடம் இதுவும் மீன்தானே என்று சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. மீனை எடுத்துவிட்டுத்தானே தந்தேன், அது தண்ணீர்தானே என்றார். அவர்களுக்கு அது தண்ணீர். குனிந்து மன்னிப்புக் கேட்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

அன்று வீட்டுக்குப் போய் மனைவிக்குப் போன் எடுத்தேன். ஒளிக்கவில்லை.

"தெரியாமத்தானே குடிச்சனீங்கள்," என்றாள். "பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார். இனிக் குடியாதேங்கோ."

"ஓம்."

"அதுசரி, ஜப்பான்காரருக்கு ஆர் மாசி குடுத்தது?"

எனக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரியவில்லை. எங்களிடமிருந்து போனதா, அவர்களிடமிருந்து வந்ததா. இன்றைக்கும் கேள்விதான்.

அடுத்த வெள்ளி எனக்கென்று ஒரு சின்னச் சட்டி தனியாக இருந்தது. தடித்த கடற்பாசியும் காய்ந்த காளானும் இரவே ஊறப்போட்டு எடுத்த தண்ணீர். அவர்களுடைய கோயிலில் துறவிகள் இப்படித்தான் சாப்பிடுவார்களாம். தன் தகப்பன் செத்த கிழமை ஏழு நாளும் வீட்டில் இதுதான் என்றார். ருசி மெல்லியது. கடைசியில்தான் நாக்கில் தெரியும்.

விசா வந்தது. அவளும் வந்தாள். வந்த முதல் வெள்ளி கடைக்குக் கூட்டிப்போனேன். நேர்த்தியின் கடைசி வெள்ளி. முதலாளி தானே இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அவள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"எப்பிடி?" என்றேன்.

"பிழையில்லை. ஒரு துண்டு மாசி போட்டிருந்தா இன்னும் நல்லாயிருக்கும்."

என்ன சொல்கிறா என்று முதலாளி கேட்டார். சொன்னேன். அவர் உள்ளே போய் மரப்பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் திறந்தார். அவள் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்து மணந்து பார்த்தாள். கனநேரம் மணந்தாள்.

"நாளைக்குச் சனிக்கிழமைதானே," என்றாள்.