பூட்டிய வீடும் வெள்ளிமலை உச்சியும்

மனைவி இறந்தபின் முதன்முறையாக, சென்ற தை மாதக் கடைசி ஞாயிறன்று, சிறுமலையிலுள்ள வெள்ளிமலை உச்சிக்குத் தனியாகப் போனேன். பேருந்து நேரம், தண்ணீர், தொப்பி என எல்லாவற்றையும் வாரம் முழுக்கத் திட்டமிட்டிருந்தேன். இறங்கும்போது கால் பிசகி விழுந்துவிட்டேன். போனில் சிக்னல் இல்லை. நல்லவேளை, அவ்வழியே வந்த தோட்ட வேலைக்காரர்கள் இருவர் தாங்கிப் பிடித்துப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் என் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்து எதிர்வீட்டு ஜெயமேரி பதறினார். "வீட்டுல பூட்டு தொங்குச்சேண்ணே! சென்னைக்கு மக வீட்டுக்குப் போயிட்டீகன்னுல்ல நெனச்சேன்!"

அங்கேயே கிடந்திருந்தால் ஒரு வாரமானாலும் யாரும் தேடியிருக்க மாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போதெல்லாம் மலைக்குக் கிளம்பும்போது, போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் சொல்லி, சாவியை அவரிடம் கொடுக்கிறேன். "பொழுது சாய வரலேன்னா தெருவையே கூட்டிருவேன், பாத்துக்கங்க" என்று மிரட்டுகிறார். சாவி வாங்கப் போகும்போது, மலை எப்படி இருந்தது என்று கேட்கிறார். அதைக் கேட்கவும் எனக்கு இங்கே வேறு யாருமில்லை.