ஆறாம் வேலை நாள்

எங்கள் ஹெச்.எம். மே மாதத்தில் வீடு வீடாகப் போகும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருப்பார். படியேறுமுன் செருப்பைக் கழற்றி அதற்குள் போட்டுக்கொள்வார். வெயிலில் விட்டால் திரும்பி வரும்போது கால் வெந்துவிடும், வேறொன்றுமில்லை. ஆனால் மட்டாஞ்சேரி வீட்டுப் பெண்களுக்கு, ஒரு தலைமை ஆசிரியை செருப்பைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்து தங்களோடு தரையில் உட்காருவது பெரிய விஷயம். பாதி அட்மிஷன் அதிலேயே முடிந்துவிடும்.

நான் அந்த அரசுப் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் ஆசிரியை. விடுமுறையில் வீடேறிப் பிள்ளைகளைச் சேர்ப்பது எங்கள் பக்கத்து ஆசிரியர்களின் சம்பளமில்லாத வேலை. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று மிளகுக் கிடங்கு வாசலில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள். ஹெச்.எம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். முஸ்லிம் வீடோ இந்து வீடோ, நுழைந்ததும் தமிழில்தான் பேச்சைத் தொடங்குவார். "டீச்சரே, நீங்க நம்ம ஆளா? இருங்க, சாயா குடிச்சிட்டுப் போலாம்" என்பார்கள். சாயா வரும். பின்னாலேயே அந்தக் கேள்வியும் வரும். "இங்கிலீஷ் மீடியம் உண்டா டீச்சரே?" அந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கு அது கிடைத்திருந்தது. உண்டு என்பார். தமிழ்ப் பிரிவும் இருக்கிறது என்று நான் இடையில் நுழைப்பேன். ஒரு துணிக்கடைக்காரரின் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தேவிட்டார். "தமிழ் வீட்டுல பேசினா தன்னால வந்துடும். அதுக்கு எதுக்கு ஸ்கூலு?" அட்மிஷன் தாளில் அவர் கையெழுத்துப் போட்டது மலையாளத்தில்.

தெருவில் இறங்கியதும் நான் சண்டைக்குப் போவேன். "குழந்தை முதல்ல நம்ம வாசல்ல கால் வைக்கட்டும். அப்பறம் பாத்துக்கலாம்" என்பார் ஹெச்.எம். வாய் நிறையத் தமிழ் பேசியே தமிழ் வகுப்பைக் காலி செய்துகொண்டிருந்தார். அது அவருக்குத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

பொய் சொல்லமாட்டேன், அந்த வருஷம் பள்ளி பிழைத்தது. அதற்கு முந்தைய மழைக்காலம்வரை வகுப்பறைக்குள் வாளி வைத்துத்தான் பாடம் நடத்தினோம். எப்போது மூடுவார்கள் என்பதுதான் ஆசிரியர் அறைப் பேச்சு. ஹெச்.எம். அதிகாரிகளின் வாசலில் நின்று நின்று கூரையை மாற்ற வைத்தார். கழிப்பறைகளுக்குக் கதவு வந்தது. காலைப் பலகாரம் வந்தது. சுவரில் பெரிய திரை வந்தது. இங்கிலீஷ் மீடியம் வகுப்பில் பெஞ்சு போதாமல் பிள்ளைகளை இடித்துக்கொண்டு உட்காரவைத்தோம். பக்கத்து அறையில் என் வகுப்பில் பெஞ்சுகள்தான் உட்கார்ந்திருந்தன.

எங்கள் ஊரில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளன்று தலை எண்ணுவார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் எந்த வகுப்பு இருக்கும், எந்த ஆசிரியர் இருப்பார் என்பது முடிவாகும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைக்கூட அன்று காலையில் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவருகிற ஆசிரியர்கள் உண்டு. முந்தைய நாள் மதியம் நான் ஹெச்.எம். அறைக்குப் போனேன். இங்கிலீஷ் மீடியத்தில் இருக்கும் தமிழ் வீட்டுப் பிள்ளைகளில் ஒரு கைப்பிடியை மாற்றினால் போதும், நீங்கள் கேட்டால் அந்த அம்மாக்கள் மறுக்கமாட்டார்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் கேட்டா மாத்துவாங்க. அதனாலதான் கேக்கமாட்டேன். இங்கிலீஷ்னு சொல்லிக் கூட்டிண்டு வந்துட்டு இப்போ வாக்கு மாறினா, அடுத்த மே மாசம் எந்த முகத்தோட படியேறுவேன்?"

நேர்மையான பதில்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. ஏமாற்றுக்காரியாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பேன். மறுநாள் எண்ணினார்கள். தமிழ் வகுப்பு போயிற்று. உபரியாகிவிட்ட என்னைக் கும்பளங்கிப் பக்கம் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே தமிழும் இல்லை, தமிழ்ப் பிள்ளைகளும் இல்லை. இன்றுவரை நூலகத்தில் மலையாளப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் வகுப்பில் மிஞ்சியிருந்தவர்கள், பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து இஸ்திரி போடும் குடும்பங்களின் பிள்ளைகள். இங்கிலீஷ் மீடியம் நிரம்பிவிட்டதால் அவர்களை மலையாள வகுப்பில் உட்காரவைத்தார்கள். அவர்களில் ஒரு பெண், நான் பாதியில் நிறுத்திய கதையை மறுநாள் அவளே முடித்துச் சொல்வாள். அவ்வளவு வாய். சில மாதம் கழித்து அவள் அம்மாவை இஸ்திரி வண்டியருகே பார்த்தேன். "இப்ப ஸ்கூல்ல வாயே தெறக்கறதில்லையாம் டீச்சர். ஊமையான்னு கேக்கறாங்க" என்றாள்.

ஆண்டு விழாவுக்கு ஹெச்.எம். என்னையும் அழைத்திருந்தார். போகாமல் இருந்திருக்கலாம். வீம்புக்குப் போனேன். பின்வரிசையில் அந்த இஸ்திரிக்கார அம்மா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். ஹெச்.எம். புதுப் புடவையில் மேடையேறி, பள்ளியின் ஒரு வருஷத்து அறிக்கையை மலையாளத்தில் வாசித்தார். பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. கைதட்டல். புதுக் கூரை. கைதட்டல். திரை வைத்த வகுப்பு. கைதட்டல். போதிய பிள்ளைகள் இல்லாததால் தமிழ்ப் பிரிவு நிறுத்தப்பட்டது. அதே குரல், அதே வேகம். பழகிப்போன கைகள் அதற்கும் தட்டின. ஹெச்.எம். ஒரு கணம் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். பிறகு மற்ற வரிகளுக்குப் போலவே சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

என் பக்கத்தில் அந்த அம்மாவும் தட்டினாள். மலையாளம் அவளுக்குப் பிடிபடாது. நாலு பேர் தட்டுவதைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் சும்மா இருந்ததைக் கண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"என்ன சொன்னாங்க டீச்சர்?"

சொன்னேன்.

"அதுக்கா நான் கை தட்டினேன்?" என்றாள். மேடையில் ஹெச்.எம். அறிக்கையின் அடுத்த வரியை, புதுக் குடிநீர்க் குழாயை, வாசித்து முடித்திருந்தார். மறுபடியும் கைதட்டினார்கள்.