மீட்கப்படாத கப்பல்

பேர்ள் துறைமுகத் திடீர்த் தாக்குதலில் சிக்கிய போர்க்கப்பல்களைப் பற்றிப் போர் இலக்கிய வகுப்பில் நான் ஆற்றவிருந்த உரையை, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் வின்டர்தூர் வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் நாட்டுப் போர்க்காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாத தன் தம்பி உயிரோடிருப்பதாக நம்பி, இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கை அவருக்குச் செய்ய அன்றுவரை மறுத்தவர் அவர்.

பெரும்பாலான கப்பல்களை மீட்டு, பழுதுபார்த்து, மறுபடியும் போருக்கு அனுப்பினார்கள் என்று வாசித்தேன்.

“உள்ளுக்கு இருந்த பெடியள்?”

“ஒரு கப்பலில கனபேரை எடுக்கேல்லை அம்மா. இன்னும் தண்ணிக்கடியிலதான் கிடக்கினம்.”

“அவ்வளவு பெரிய நாட்டாலயும் ஏலேல்லையோ?”

“ஓம்.”

அம்மா அடுப்பை அணைத்தார்.

“அப்ப எங்கட பெடியனை ஆர் தேடுறது? அந்தியேட்டிக்குக் கோயில் ஐயரிட்ட நாள் கேள், பிள்ளை.”

வகுப்பில் உரையைப் பாராட்டினார்கள். அதில் ஒரு வரிகூடப் பிழையில்லை. ஆனால் அதை அம்மாவுக்கு வாசித்த அன்றுதான் எங்கள் வீட்டில் மாமா இறந்தார்.