ஜனங்களைத் தெரிந்தவர்

கூலிம் போகும் வழியில் மழை பிடித்துக்கொள்ள, பாடாங் மேஹாவில் ஒரு கோயில் மண்டபத்தில் ஒதுங்குகிறேன். உள்ளே ஒரு பெண் தனியாக உட்கார்ந்து கம்புகளில் கட்சிக் கொடி கட்டிக்கொண்டிருக்கிறார். பெயர் சரோஜா. தொழிற்சாலைச் சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. காலை ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் நேராக இங்கேதான் வந்து இறங்கினாராம்.

"எலெக்‌ஷன்ல நீங்க நிக்கலையாக்கா?" விளையாட்டாகத்தான் கேட்கிறேன். அவர் கை நின்றுவிடுகிறது.

"சீட்டு கேட்டேன் தம்பி. கோயில் தலைவரா இருந்தவங்களுக்குத்தான் ஜனங்கள தெரியும்னு சொல்லிட்டாங்க."

"அப்ப கோயில் தலைவருக்கு நிக்கலாமே?"

"அதுக்கும் கேட்டேன்லா. பொம்பளைங்க பொங்கல் வச்சா போதும்னாங்க. ரெண்டு எடத்துலயும் சொன்னது ஒரே ஆளுங்கதான்."

போன் அடிக்கிறது. நனைந்த கொடிகளைத் தொட்டுக் கை ஈரமாக இருப்பதால் ஸ்பீக்கரில் போடுகிறார். வேட்பாளர் பேசுகிறார்.

"சரோஜா, கோயிலுக்குப் பின்னால பச்ச கேட்டு வீட்டு வாசல்ல நிக்கிறேன். யாரு வீடு இது?"

"முனியம்மா வீடுண்ணே. மகனுக்கு இன்னும் அடையாள கார்டு, ஐசி கெடைக்கல, அத மொதல்ல விசாரிங்க. உள்ள நாய் இருக்கு, பாத்து."

"சரி, சரி. பேரு என்ன சொன்ன?"

"முனியம்மா."

போனை வைத்துவிட்டு அடுத்த கம்பை எடுக்கிறார். முடிச்சை இறுக்கிய பிறகுதான் என்னைப் பார்க்கிறார்.

"பத்து வருசமா இவருதான் தம்பி இங்க கோயில் தலைவரு."