பன்னிரண்டு மாதக் காற்று

"இன்றோடு பதினொரு நாளாகக் காற்றாடி சுற்றவில்லை. அவர்கள் காலையில் மாடிக்கு ஏறினால் மத்தியானம்தான் இறங்குகிறார்கள். அண்ணாச்சி ஒரு நடை வந்து பார்க்கவும். நான் எழுதியது அவர்களுக்குத் தெரிய வேண்டாம்."

ஐப்பசி ஒன்பதாம் தேதியிட்ட போஸ்ட் கார்டு. தென்காசியில் என் கைக்கு வந்தது பதினொன்றாம் தேதி. புறப்பட்ட இடம் குத்துக்கல்வலசை. நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்துக்குக் கார்டு இரண்டு நாள் எடுத்திருக்கிறது. இதையும் டைரியில் குறித்திருக்கிறேன்... எதையும் தேதி போட்டுக் குறிப்பதும் சரிபார்ப்பதும் என் வியாதி, என் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதானே?

எழுதியவர் உலகம்மாள். என் நண்பர் பரமசிவத்தின் மனைவி. கார்டில் 'அவர்கள்' என்று மரியாதையாக வருகிறவர் பரமசிவம்தான்.

பரமசிவம் ஆஸ்பத்திரி கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு அவருடைய தகப்பனார் எழுதி வைத்த மனையில், வயலை ஒட்டி, வீடு கட்டிக்கொண்டு போனார். நல்ல வீடு. ஒரே குறை, கரண்ட் இல்லை. கடைசி மின்கம்பம் நாலு வயலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. மனை உலகம்மாள் பேரில் இருந்ததால் அவர் பேரிலேயே மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

கரண்ட் அவர்களுக்கு ஆடம்பரம் இல்லை. உலகம்மாளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. மண்ணெண்ணெய்ப் புகை பட்டால் போதும், விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். குற்றாலச் சீசனில் இன்னும் மோசம். சாரலுக்கு ஜன்னலைச் சாத்த வேண்டும். சாத்தினால் அரிக்கேன் விளக்கின் புகை முழுக்க அறைக்குள். 'அந்த விளக்கை முதலில் வீட்டை விட்டு வெளியேற்று' என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிவிட்டது. எதை வைத்து வெளியேற்றுவது?

அந்த நிலைமையில்தான், இந்த ஆனி மாதம், ஐந்தருவியில் அந்தக் காற்றாடியைப் பார்த்தோம்.

நானும் பரமசிவமும் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு சுக்குக் காப்பிக்காக நின்றோம். பக்கத்துக் கடையின் மேலே இரும்புக் குழாய் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் மூன்று இறக்கை வைத்த காற்றாடி. சாரலோடு வந்த காற்றில் அது சுற்றிய சுற்றில் இறக்கையே கண்ணுக்குத் தெரியவில்லை. கீழே மேஜையில் ஒரு பல்பு எரிந்தது. அதற்குப் பின்னால் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு.

"காத்துக்கு யாராச்சும் பில்லு அனுப்புவாங்களாங்க?" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டாலே என் மூக்கு வேர்த்துவிடும். இலவசம் என்று தொடங்குகிற பேச்சு எதையாவது மறைக்கத்தானே? வெளிநாட்டுப் பண்ணை வீடுகளில் காற்றாடி வைத்து பேட்டரி சார்ஜ் செய்வதைப் பற்றி நான் படித்திருக்கிறேன். எண்ணெய் விலை ஏறியதிலிருந்து நம் பத்திரிகைகளும் காற்று, வெயில், சாணம் என்று மாறி மாறி எழுதுகின்றன. படித்தவரைக்கும் சரி. ஆனால் ஐந்தருவியில், பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் விற்கிறார்கள் என்றால்?

குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். சாக்குப் போட்டு மூடிய பெட்டி. சாக்கைத் தூக்கினேன். லாரி பேட்டரி. அகப்பட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

"பேட்டரி இல்லாம எப்படிங்க? காத்து நிக்கறப்போ லைட்டு வேணுமில்லீங்களா? சாரலுக்கு நனையாம சாக்குப் போட்டிருக்கறேன்" என்றார் அவர், கொஞ்சமும் பதறாமல். பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றியும் காட்டினார். அப்போதும் காற்றுக்கு ஏற்றபடி பல்பு விட்டு விட்டு மினுங்கியது. நான் சாக்கை இருந்தபடியே போட்டுவிட்டு நிமிர்ந்தேன். பரமசிவம் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

அடுத்து விற்பனைக்காரர் ஒரு படிவத்தை எடுத்தார். வீட்டின் உயரம், பக்கத்தில் மரம் உண்டா, எத்தனை பல்பு — இப்படிக் கேள்விகள். கடைசியில் ஒரு கேள்வி: உங்கள் ஊரில் வருஷத்துக்கு எத்தனை மாதம் காற்று?

இதை அவர் அழுத்தியே கேட்டார். இரண்டு மூன்று மாதம் காற்று அடங்குகிற ஊராக இருந்தால் தான் விற்பதில்லை என்றும் சொன்னார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. குற்றாலத்து மனிதரிடம் போய் 'உங்கள் ஊரில் காற்று உண்டா' என்று கேட்கலாமா? பக்கத்தில் ஒருவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர், தேய்க்கிற கையை நிறுத்திவிட்டார்.

"அண்ணாச்சி, இவரு கேக்கதைப் பாத்தீயளா. நம்ம ஊர்ல காத்து உண்டான்னு கேக்காரு. செங்கோட்டைக் கணவாய் இருக்க மட்டும் காத்துக்கு என்ன பஞ்சம்? வருசம் பூரா அடிக்கும்னு எழுதிக் குடுங்க."

எண்ணெய்க்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தவரும் உள்ளூர்க்காரர்தான் போலும். படுத்த வாக்கிலேயே ஆமோதித்தார். காப்பிக்கடைக்காரர், போன சீசனில் தன் கடைக் கூரைத் தகரம் பறந்துபோய் எங்கே விழுந்தது என்று விவரித்தார். பரமசிவம் பேனாவை வாங்கி '12' என்று எழுதினார். கீழே சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம்.

போட்டேன். நான்தான் போட்டேன். அந்த நேரத்தில் என் கவனமெல்லாம் விற்பனைக்காரரின் விலாசம் உண்மையானதுதானா என்பதில் இருந்தது.

ஆடி பிறப்பதற்குள் காற்றாடி வந்து குத்துக்கல்வலசை வீட்டு மாடியில் ஏறிவிட்டது. இரண்டு சின்ன பல்பு, ஒரு ரேடியோ. நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனேன். எதற்கு என்கிறீர்களா? மோசடி எப்போது வெளிப்படும் என்று பார்க்கத்தான். குழாயின் துரு, அதை இழுத்துப் பிடிக்கிற கம்பியின் முறுக்கு, டைனமோவின் சத்தம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். ஒரு குற்றமும் அகப்படவில்லை.

பரமசிவமோ பேட்டரியை நோயாளி போலவே கவனித்தார். கம்பவுண்டர் அல்லவா! டிஸ்டில்டு வாட்டரை அவுன்ஸ் கிளாஸில் அளந்து ஊற்றுவார். காலையும் மாலையும் ஆசிட்டைச் சோதித்துச் சுவரில் தொங்கும் சார்ட்டில் எழுதுவார். உலகம்மாள், அரிக்கேன் விளக்கைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டார். 'ஆடி மாசம் முழுக்கப் படுத்துத் தூங்கினேன் அண்ணாச்சி' என்று அவர் சொன்னதை என்னால் சந்தேகப்பட முடியவில்லை. முகத்தில் தெரிந்தது.

ஆவணியில் மின்சார ஆபீசிலிருந்து உலகம்மாள் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. கம்பம் நடும் வேலை அவர்கள் பக்கம் வருகிறது, இன்னமும் இணைப்பு வேண்டுமானால் முப்பது நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும், தவறினால் வரிசை போய்விடும். இவ்வளவுதான் கடிதம். பரமசிவம் அதை என்னிடம் காட்டிவிட்டு, பேட்டரி சார்ட்டுக்குப் பின்னால் சொருகினார்.

நீர் பதில் எழுதிவிடும் என்றேன். எழுதி வைத்தால் என்ன நஷ்டம்?

"நீரு சந்தேகப்படுததுக்குன்னே பொறந்த ஆளுவே" என்றார் அவர். "அன்னைக்குச் சாக்கைத் தூக்கிப் பாத்தீரு. எம் மானம் போச்சு. இப்ப காத்தை நம்பாதே, கம்பியை நம்புன்னு சொல்லுதீரு. மேல போய்ப் பாரும், எப்படிச் சுத்துதுன்னு."

போய்ப் பார்த்தேன். சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு மேல் என்ன பேச? கோபத்தில் இரண்டு ஞாயிறு போகவில்லை. அப்புறம் ஏதோ வேலை... அப்படியே விட்டுப்போயிற்று.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தக் கார்டு.

போனபோது பரமசிவம் மாடியில் இறக்கைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கையால் தள்ளினால் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. கொடியில் காய்ந்த வேட்டி அசையவில்லை. பனை ஓலை அசையவில்லை. சார்ட்டில் கடைசி எண் ஐந்து நாளைக்கு முந்தியது, பேட்டரி செத்துவிட்டிருந்தது. அரிக்கேன் விளக்கு பரணிலிருந்து இறங்கியிருந்தது. உலகம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். இருட்டினால் விளக்கை வெளியே ஜன்னல் திட்டில் வைத்துவிடுவாராம். சீசனாக இருந்தால் அப்படி வைக்க முடியாது, ஒரு நிமிஷத்தில் அணைந்துவிடும். இப்போது வைக்க முடிகிறது. சுடர் ஆடாமல் நிற்கிறதே!

ஆனாலும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: மெஷினில் ஏதோ ஏமாற்று. விற்பனைக்காரருக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வரும், அதை வைத்து ஒரு பத்தி எழுதலாம் என்றும் திட்டம் போட்டிருந்தேன்.

கடிதம் திரும்பவில்லை. ஆளே நேரில் வந்துவிட்டார்! எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

டைனமோவைக் கழற்றினார், மாட்டினார். இறக்கையைத் தட்டிப் பார்த்தார். பேட்டரியைச் சோதித்தார். பிறகு மாடிச் சுவரில் உட்கார்ந்து மேற்கே மலையைப் பார்த்தார். மலையும் எங்களைப் பார்த்தது. ஒரு இலை அசையவில்லை.

"மெஷின்ல ஒண்ணுமில்லீங்க. இந்தப் பக்கம் இப்படித்தான் இருக்குமுங்களா, இந்த மாசம்?"

அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்து மடியில் வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"நான் சீசனுக்கு மட்டுந்தானுங்க இங்க வந்திருக்கறேன். எனக்கு ஆனி ஆடிதான் தெரியும். மத்த மாசத்தை நீங்கதானுங்களே சொல்லோணும்?"

பன்னிரண்டு. பரமசிவத்தின் எழுத்து. கீழே சாட்சி — நான்.

வீட்டுக்கு வந்து என் டைரிகளைப் பரப்பிவிட்டேன். பதினேழு வருஷத்து டைரி. ஆனி, ஆடி, ஆவணிப் பக்கங்களில் 'காற்று பலம்', 'ஓடு பறந்தது', 'முருங்கை முறிந்தது' என்று எத்தனை குறிப்பு! ஐப்பசியில்? மழை உண்டு, இடி உண்டு, விருந்தாளி உண்டு. காற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'இன்று காற்று இல்லை' என்றும் இல்லை. பதினேழு ஐப்பசி இந்த ஊரில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், அதை ஒரு தடவைகூட எழுதவில்லை. நடந்ததைத்தானே குறிப்பெடுக்கிறோம்? நடக்காததை யார் தேதி போட்டு எழுதி வைக்கிறார்கள்?

இன்னொன்றும் உறுத்தியது. அசலூர்க்காரர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பார்த்தேன். நம் ஊர்க்காரர்கள் சொன்ன ஒரே ஒரு சொல்லை உரசவில்லை. ஊர்ப் பெருமை என்பது அப்படித்தான்... அதில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம் என்றே நமக்குத் தெரிவதில்லை.

மறுநாள் மறுபடி போனேன். விற்பனைக்காரர் ஊருக்குப் போய்விட்டிருந்தார். பேட்டரியை எங்காவது சார்ஜ் செய்து வைத்துக்கொள்ளுங்கள், மார்கழி தையில் கொஞ்சம் காற்று வந்தாலும் வரலாம், ஆனால் தான் உறுதி சொல்லமாட்டேன் என்று சொல்லிப் போனாராம். பரமசிவம் மாடிக்கு ஏறவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சார்ட்டுக்குப் பின்னால் இருந்த மின்சார ஆபீஸ் கடிதத்தை எடுத்து நீட்டினார். முப்பது நாள் என்றைக்கோ முடிந்திருந்தது.

"நான் பதில் போடலைவே" என்றார். "வரிசை போச்சு. இனி எப்பமோ. இவ எத்தனை நாளைக்கு இப்படி உக்காந்தே தூங்குவா?"

நான் அன்றே சொன்னேனே என்று சொல்லிக் காட்ட எனக்கு உரிமை ஏது? சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் அல்லவா!

உள்ளேயிருந்து உலகம்மாளின் குரல் வந்தது. மெல்ல, இடைவெளி விட்டு.

"நான் போட்டுட்டேன்."

பரமசிவம் திரும்பினார். "என்னத்த?"

"பதிலு. காயிதம் வந்த வாரமே. கரண்டு வேணும்னு எழுதிப் போட்டேன்."

"ஏட்டி, யாரைக் கேட்டு எழுதினே?"

"எம் பேருக்கு வந்த காயிதத்துக்கு யாரைக் கேக்கணும்?"

பரமசிவத்துக்குக் கோபப்படுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. எனக்கு மட்டும் பழக்கதோஷம். ரிஜிஸ்தரில் அனுப்பினீர்களா, ரசீது இருக்கிறதா, நகல் இருக்கிறதா என்று அடுக்கினேன்.

"சாதாக் கவர்தான் அண்ணாச்சி. அங்கன கோயில் பக்கத்துல தபால் பெட்டியில போட்டேன். ரசீது யாரு தருவா?"

நேற்று மின்சார ஆபீசுக்குப் போய்விட்டு வந்தேன். கிளார்க் நல்ல மனிதர். பதிவேட்டைப் புரட்டினார். ஆவணியில் உலகம்மாள் என்ற பெயரில் எந்தக் கடிதமும் ஏறவில்லை. பிறகு அலமாரியின் மேல் தட்டைக் காட்டினார். சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு. ஆவணி, புரட்டாசியில் ஆள் குறைவாக இருந்ததால் பதிவேட்டில் ஏற்றாமல் விட்ட கடிதங்களாம். எத்தனை என்று அவருக்கே தெரியாது. திங்கட்கிழமை வாருங்கள், இரண்டு பேருமாக உட்கார்ந்து பிரித்துப் பார்க்கலாம் என்றார்.

யார் எதைச் சொன்னாலும் அது தப்பாக இருக்க வேண்டும் என்றே சரிபார்க்கக் கிளம்புகிறவன் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக, சரிபார்ப்பதற்கு முன்பே ஒரு தகவல் சரியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆனாலும் முறைப்படி எழுதி வைக்கிறேன்: உலகம்மாளின் கடிதம் அந்தக் கட்டுக்குள் இருக்கிறது — இன்னும் சரிபார்க்கப்படவில்லை.