உரிக்காத பொலித்தீன்

மனைவிக்கு வேலை கிடைத்த செய்தி வந்த அன்றே நான் செலவுக் கணக்குப் போடத் தொடங்கினேன். ஊரில் கட்டடப் படம் வரையப் படித்தவள் அவள். மெல்பேர்னுக்கு வந்த பிறகு முதியோர் இல்லத்துக் குசினியில் சமைப்பதில்தான் அவளுடைய காலம் போனது. இப்போது ஒரு சிறிய நிறுவனம், வீட்டிலிருந்தே படம் வரைந்து தரும்படி அவளை எடுத்திருந்தது. ஒரே நிபந்தனை, கணினி அவளுடையதாக இருக்க வேண்டும். முப்பரிமாண வீட்டுப் படங்களை அது திணறாமல் திறக்க வேண்டும். எங்களிடம் இருந்ததோ மின்னஞ்சலுக்கே மூச்சு வாங்கும் பழைய மடிக்கணினி.

என்னோடு மெல்பேர்னின் ட்ருகனினாப் பகுதியில் கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் இருக்கிறார். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினால் நல்ல கணினி அமையும், பூட்டுவது தன் பொறுப்பு என்றார். ஆக, தெரிவு செய்வது என் பொறுப்பாயிற்று.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதை வாங்கினாலும் ஏமாந்து போவேனோ என்ற பயம் எப்போதும் உண்டு. வாங்கியவர்கள் இணையத்தில் எழுதும் கருத்துகளில், ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை மட்டும் தேடித் தேடி வாசித்தேன். முன்பின் தெரியாத ஒருவருக்கு எரிந்துபோன, கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை எனக்கும் எரியும் என்றே நம்பினேன். அதனால் தேவைக்கு இரண்டு மடங்கு பெரியதைத் தெரிவு செய்தேன். தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது கம்ப்யூட்டரா, கல்யாண மண்டபமா? எதுக்கு இவ்ளோ பெருசு?" என்றார். நான் மாற்றவில்லை.

கிராஃபிக்ஸ் கார்டில் மட்டும் எனக்கும் ஓர் ஆசை ஒளிந்திருந்தது. லொறி ஓட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. நாள் முழுக்கக் கிடங்கில் சாமான் அடுக்கும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓடுகிறவனுக்கு முடிவில்லாத நெடுஞ்சாலை மேல் ஆசை வராதா? சொல்ல வெட்கமாக இருந்தது. நல்ல காலம், அவளுடைய முப்பரிமாணப் படத்துக்கும் அதே கார்ட்தான் தேவைப்பட்டது. "பகல் எனக்கு, பின்னேரம் உங்கட லொறிக்கு" என்று அவளே பங்கு பிரித்தாள்.

வேலை தொடங்குவதற்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் வைத்துப் பூட்டினோம்.

எங்கள் வீட்டில் புதுச் சாமானின் பொலித்தீனை உரிப்பதில்லை. டிவி ரிமோட் வாங்கிய நாளில் போட்ட உறைக்குள்ளேயே இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவின் தாள் ஓரமெல்லாம் சுருண்டும் அங்கேயேதான் இருக்கிறது. உரித்த அன்றே ஒரு பொருள் பழசாகத் தொடங்கிவிடும் என்பது என் எண்ணம். தம்பி கணினிப் பெட்டியின் கண்ணாடியில் இருந்த மெல்லிய தாளை உரிக்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினேன். கீறல் விழும் என்று காரணமும் சொன்னேன்.

அவர் தேநீர் குடிக்க எழுந்த நேரத்தில் கூலரை நானே பூட்டினேன். புரொசெசரின் தலையில் உட்கார்ந்து அதன் சூட்டை இழுத்துக்கொள்ளும் பாகம் அது. அடிப்பக்கச் செம்பு பளபளவென்றிருந்தது. அதன் மேல் இருந்த பொலித்தீன் தாள் கசங்காதபடி மெதுவாக வைத்து முறுக்கினேன்.

கணினி உயிர் பெற்றது. மனைவி பழகிப் பார்க்க ஒரு மாடி வீட்டின் படத்தைத் திறந்தாள். அவள் படிக்கட்டு வரைந்து முடிக்கவில்லை, விசிறிகள் இரைந்தன, திரை கறுத்துவிட்டது. மறுபடி போட்டாலும் அதே கதை. தம்பி வயர்களையெல்லாம் பிடுங்கிச் செருகிப் பார்த்தார். அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. புரொசெசர் பழுதாக இருக்கலாம், மாற்றி எடுக்கப் புதன்கிழமை ஆகிவிடும் என்றார். ஒற்றை நட்சத்திரக்காரர்கள் எல்லோரும் என் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். முதல் நாளே வரைய முடியாதென்று சொன்னால் யார் வேலையில் வைத்திருப்பார்கள்? அவள் மறுபடி குசினி ஏப்ரனைக் கட்டுவது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

அவள் மேசையில் உறையோடு கிடந்த ரிமோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உள்ளுக்கையும் எங்கையாவது பொலித்தீனை விட்டனீங்களோ?"

நான் பதில் சொல்வதற்குள் தம்பி திருப்புளியை எடுத்துவிட்டார். செம்புக்கும் புரொசெசருக்கும் நடுவே, சூட்டை ஏறவிடாமல், தாள் பத்திரமாக இருந்தது. பூட்டுமுன் அகற்றவும் என்று அதிலேயே சிவப்பில் அச்சடித்திருந்தார்கள். அந்த ஆங்கிலம் எனக்கும் விளங்கும். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கட்டளை எந்தப் பொருளிலும் செல்லுபடியானதில்லை. தம்பி தரையில் உட்கார்ந்து சிரித்தார். தாளை அவளே ஒரே இழுப்பில் உரித்தாள். தம்பி துடைத்து, சூடு கடத்தும் பசையைப் புதிதாகத் தடவிப் பூட்டினார். இந்த முறை படிக்கட்டு முடிந்தது, கூரையும் ஏறியது.

மறுநாள் காலை நான் வேலைக்குப் புறப்படும்போதே அவள் வரையத் தொடங்கியிருந்தாள். பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

"காய்ச்சல் ஒண்டும் இல்லை" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்கள் போயிட்டு வாங்கோ."

பெட்டிக் கண்ணாடியில் இருந்த தாளை அவள் உரிக்காமல் விட்டிருந்தாள். ஒரு மூலை மட்டும் எழும்பியிருந்தது. அதை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் புறப்பட்டேன்.